கோடு இல்லாத புள்ளிகள்

ஜூன் 17

மையத்துக்கு ஒருவழியாக அறை கொடுத்துவிட்டார்கள். சமூகவியல் கட்டடத்துக்கும் கணினி அறிவியல் கட்டடத்துக்கும் நடுவில் இருந்த பழைய ஜெராக்ஸ் அறை. மெஷினைத் தூக்கிப் போய்விட்டார்கள், மை வாசனையை விட்டுவிட்டார்கள். சுவரில் ‘கடன் கேட்காதீர்’ என்று ஒரு தாள் ஒட்டியிருந்தது. கிழிக்கப் போனேன், பாதியோடு நின்றுவிட்டது. இப்போது ‘கேட்காதீர்’ மட்டும் மிச்சம். கேள்வி கேட்டே பிழைப்பு நடத்தப்போகிற மையத்துக்கு ரொம்பப் பொருத்தம்.

ஆணையில் எல்லாம் தெளிவாக இருக்கிறது. பெயர்: கணினிசார் சமூக அறிவியல் மையம். மனிதர்கள் யாரோடு பழகுகிறார்கள், யாரை நம்பியிருக்கிறார்கள் என்பதைக் களத்தில் கேட்டு, கணினியில் ஆராய வேண்டும். இரண்டு துறை மாணவர்கள் நான்கு பேருக்கு முனைவர் பட்டப் பயிற்சி. மார்ச்சில் மறுஆய்வு. அதற்குள் நான்கு பேரும் நிலைத்திருக்க வேண்டும், கணினித் துறையிலிருந்து ஓர் இணை வழிகாட்டி கையெழுத்திட்டிருக்க வேண்டும். இல்லையென்றால் மையத்தை மூடிப் பிள்ளைகளை அவரவர் துறைக்கே திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

இந்தத் திட்டத்தை எழுதியது இரண்டு பேர். நானும், கணினித் துறை ஜெயசீலனும். பல வருஷங்களாகச் சாயங்கால டீயோடு சண்டை போட்டுப் போட்டு எழுதியது. மே மாதம் அவர் பெங்களூரில் ஒரு கம்பெனிக்குப் போய்விட்டார். நல்ல சம்பளம், பிள்ளைகள் கல்லூரிக்குப் போகும் வயசு. நியாயம்தான். அவருக்கென்று கேட்டிருந்த நாற்காலி இன்றைக்குத்தான் வந்து சேர்ந்தது. பிளாஸ்டிக் உறையைப் பிரிக்கவில்லை. எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை.

ஜூன் 18

இரண்டு பேர் தேடி வந்தார்கள். இரண்டு பேருக்கும் ஜெராக்ஸ்தான் வேண்டியிருந்தது.

ஜூலை 9

நான்கு பிள்ளைகளும் வந்துவிட்டார்கள். சமூகவியல் இரண்டு பேர் ஜன்னல் ஓரம், கணினி இரண்டு பேர் ப்ளக் பாயிண்ட் ஓரம். நடுவில் என் மேசை. சம்பந்தி வீட்டார் முதல் தடவை சந்திக்கிற மாதிரி ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

கவனிக்க வேண்டியவர்கள் இருவர். தெய்வானை, கோபிச்செட்டிபாளையம் பக்கம், சமூகவியல். யாரிடமும் பத்து நிமிஷத்தில் அவர்கள் வீட்டுக் கதையை வாங்கிவிடுவாள். எக்ஸெல் திறந்தாலே முகம் வாடிவிடும். நவ்ஷாத், கோயம்புத்தூர்க்காரன், கணினி. எந்தத் தகவலைக் கொடுத்தாலும் படமாக்கிவிடுவான், ஆனால் டீக்கடையில் மிச்சச் சில்லறை கேட்கக் கூச்சப்படுகிறவன்.

“மேடம், இவங்க பேசறது எனக்குப் புரியலீங்க” என்றாள் தெய்வானை, அவன் எதிரிலேயே.

“எனக்கும்தாங்க” என்றான் அவன்.

நான் தூத்துக்குடிக்காரி. இந்த ஊருக்கு வந்து இருபது வருஷம் ஆகியும் திட்டும்போதுகூட ‘ங்க’ போடுகிற இவர்களுடைய மரியாதை எனக்கு விளங்கவில்லை. கிட்டே வரச் சொல்கிறார்களா தள்ளி நிற்கச் சொல்கிறார்களா என்று தெரியாது.

ஜூலை 22

கணினித் துறைத் தலைவர் குழந்தைவேலுவைப் பார்க்கப் போனேன், இணை வழிகாட்டி விஷயமாக. மரியாதையாக உட்காரவைத்து, மரியாதையாகக் காபி கொடுத்து, மரியாதையாகக் கைவிரித்தார்.

“தப்பா எடுத்துக்காதீங்க மேடம். எங்க பசங்க வேலைக்குப் போகோணும். வீடு வீடாப் போயி ஆரு ஆருகூடப் பேசறாங்கன்னு எழுதறதுக்குக் கணினி எதுக்குங்க? ஜெயசீலன் சார் இருந்திருந்தா அது வேறைங்க.”

“அவர் இல்லையே சார்.”

“அதத்தானுங்க நானுஞ் சொல்றேன்.”

திரும்பும் வழியில் எங்கள் பழைய சமூகவியல் துறையில் எட்டிப் பார்த்தேன். சாப்பாட்டு நேரம், எல்லோரும் ஒரே மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். “வாங்க கம்ப்யூட்டர் மேடம்” என்று ஒருவர் சிரித்தார். விளையாட்டாகத்தான் சொன்னார். காலி நாற்காலி இல்லை. பசியில்லை என்று சொல்லிவிட்டு என் அறைக்கு வந்து டப்பாவைத் திறந்தேன். எலுமிச்சை சாதம், கொஞ்சம் உப்புக் குறைவு.

ஆகஸ்ட் 13

பயிற்சி முறையை மாற்றிவிட்டேன். காலையில் நவ்ஷாத் தெய்வானைக்குப் புரோகிராம் எழுதச் சொல்லிக்கொடுக்க வேண்டும். மதியம் தெய்வானை அவனுக்குக் கேள்வி கேட்கச் சொல்லிக்கொடுக்க வேண்டும். “கேட்டுட்டு உடனே டேப்லட்டைப் பாக்காதீங்க. அவங்க மொகத்தப் பாருங்க. சும்மா இருக்கப் பழகுங்க. பேசாம இருந்தாத்தான் அவங்க பேசுவாங்க” என்று அவள் அதட்டிக்கொண்டிருந்தாள். அவனுக்கு அது கணக்கை விடக் கஷ்டமாக இருந்தது.

களத்தையும் முடிவு செய்துவிட்டோம். குளக்கரையில் இருந்தவர்களை ஊருக்கு வெளியே நாலு மாடி அடுக்குக் குடியிருப்புக்கு மாற்றியிருக்கிறார்கள். வீடு குலுக்கலில் கிடைத்ததால் பக்கத்து வீட்டுக்காரர்கள் ஆளுக்கொரு மூலைக்குப் போய்விட்டார்கள். பழைய உறவுகள் என்னவாயின? இதுதான் கேள்வி. ஒவ்வொரு வீட்டிலும் ஒருவரிடம், ஆத்திர அவசரத்துக்கு யாரைக் கூப்பிடுவீர்கள் என்று கேட்போம். அவர் சொல்கிற ஆளுக்கு ஒரு கோடு. ஆட்கள் புள்ளிகள், உறவுகள் கோடுகள். குடியிருப்பு முழுவதும் ஒரு வலையாகத் தெரியும்.

இரண்டு விதிகளை நானே எழுதினேன். மூன்று மாதமாகப் பேசாத ஆளை உறவில் சேர்க்கக்கூடாது, பழைய பாசம் அவசரத்துக்கு வராது. கேள்வி கேட்கிறவர் தன் பெயரைப் பதிலில் எழுதக்கூடாது, எவ்வளவு மனசு இளகினாலும்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

நவ்ஷாத் செய்த செயலியை வீட்டில் ஒருமுறை சோதித்துப் பார்த்தேன். பிள்ளைகள் பயிற்சிக்கு ஆளுக்கொரு படிவம் நிரப்பிப் பார்த்து அழித்துவிட்டார்கள், நான் மட்டும் நிரப்பவில்லை. சும்மாதானே இருக்கிறோம் என்று உட்கார்ந்தேன். பெண், ஐம்பத்து நான்கு, தனியாக வசிப்பவர் என்று வரிசையாகப் போட்டுக்கொண்டே வந்தேன். ‘ராத்திரியில் திடீரென்று உடம்பு முடியாமல் போனால் யாரைக் கூப்பிடுவீர்கள்?’ இந்த இடத்தில் ஒரு பெயரைத் தொடங்கி அழித்துவிட்டேன். வெறுமையாக விட்டால் செயலி ஏற்றுக்கொள்கிறதா என்று பார்க்க வேண்டுமே, அதனால்தான்.

ஏற்றுக்கொண்டது. ‘நன்றி, உங்கள் பதில் பதிவானது’ என்றது. செயலி நன்றாக வேலை செய்கிறது.

செப்டம்பர் 30

களவேலை மும்முரம். லிஃப்ட் கிடையாது, படிகள்தான். தெய்வானைக்கு முழங்கால் வலி. ஆனாலும் அவளுக்குத்தான் எல்லாக் கதவும் திறக்கிறது. இன்று மூன்றாம் மாடியில் மாராத்தாள் என்றொரு அம்மாவோடு ஒரு மதியம் முழுக்க உட்கார்ந்துவிட்டாள். பூக் கட்டி விற்றவர். குளக்கரையில் இருந்தபோது இருபுறமும் ஆட்கள். இங்கே கீழே இறங்கி ஏற முடியாததால் தொழிலும் போயிற்று.

“அவசரத்துக்கு ஆரைக் கூப்புடுவீங்கன்னு கேட்டனுங்க மேடம். ‘ஆருமில்லீங் கண்ணு. அப்புடியே கெடப்பேன்’னு சிரிச்சுட்டே சொல்றாங்க. எனக்குக் கையே ஓடலீங்க.”

“என்ன எழுதினாய்?”

“ஒண்ணும் எழுதலீங்க. அவங்க சொன்ன மாதிரியே வெறுமனே விட்டுட்டனுங்க.”

சரியாகச் செய்தாய் என்றேன்.

அக்டோபர் 20, தீபாவளி

வளாகம் காலி. நாய்கள்கூட வெடிக்குப் பயந்து எங்கோ போய்விட்டன. தம்பி மதுரையிலிருந்து காலையில் பேசினான், நாலு நிமிஷம் இருக்கும். ஜெயசீலனிடமிருந்து ஒரு விளக்குப் படம் வந்தது, எல்லோருக்கும் அனுப்பியதுதான். நானும் ஒரு விளக்குப் படம் அனுப்பினேன். பார்த்துவிட்டதாக இரண்டு நீலக் கோடு விழுந்தது. அதோடு சரி.

வடிவு என்று என்னைக் கூப்பிடுகிறவர் இந்த வளாகத்தில் அவர் ஒருவர்தான். மற்றவர்களுக்கு நான் சங்கரவடிவு மேடம். இப்போது வெறும் மேடம்.

நவம்பர் 12

படம் வந்துவிட்டது! நவ்ஷாத் புரொஜக்டரில் போட்டதும் நாங்கள் ஐவரும் வாயைப் பிளந்துவிட்டோம். கருநீலப் பின்னணியில் வெள்ளைப் புள்ளிகள், மெல்லிய கோடுகள், அங்கங்கே கொத்துக் கொத்தாக. சிதறிப்போன பழைய தெருக்கள் மாடி தாண்டி, கட்டடம் தாண்டி இன்னும் கை கோத்துக்கொண்டிருக்கின்றன. “ஒருத்தருமே தனியா இல்லீங்க மேடம்” என்றான் நவ்ஷாத். கண் பளபளத்தது. நான் எல்லோருக்கும் ஜிலேபி வாங்கிக்கொடுத்தேன். கருத்தரங்குக்கு அனுப்பும் சுருக்கத்தில் முதல் வரியாக அதையே எழுதினேன்: ‘இடம்பெயர்ந்த பிறகும் எவரும் தனித்துவிடப்படவில்லை.’ அன்றே அனுப்பியும் விட்டேன்.

சந்தோஷமாக இருக்கிறது. இதை யாரிடமாவது சொல்ல வேண்டும் போல் இருந்தது. ஜெராக்ஸ் கேட்டு வந்த ஒரு பையனைக் கூப்பிட்டுப் படத்தைக் காட்டினேன். “சூப்பருங்க மேடம். அப்ப ஜெராக்ஸ் எங்கீங்க?” என்றான்.

நவம்பர் 14

தெய்வானை படத்தின் முன்னால் வெகு நேரம் நின்றுகொண்டிருந்தாள். பிறகு கேட்டாள்:

“மேடம், மாராத்தாக்காவைக் காணோமுங்க.”

தேடினோம், இல்லை. நவ்ஷாத் பெயர்ப் பட்டியலில் பார்த்தான், அங்கே இருக்கிறார். படத்தில் இல்லை. அப்புறம் அவனே நெற்றியில் தட்டிக்கொண்டான். அவன் படம் வரைந்தது ‘இவர் அவரைக் கூப்பிடுவார்’ என்ற ஜோடிகளை வைத்து. யாரையும் சொல்லாத, யாராலும் சொல்லப்படாத ஆள் எந்த ஜோடியிலும் வரமாட்டார். அவர் படத்துக்குள் வருவதற்கு வழியே கிடையாது. அப்படி நாற்பத்தொரு பேர் படத்திலிருந்து விழுந்திருக்கிறார்கள்.

“அது எல்லாரும் செய்யறதுதாங்க. கோடு இல்லாதவங்களுக்குப் படத்துல எடமில்லைங்க” என்றான். மனசறிந்து சொல்லவில்லை, அவன் படித்த வழக்கம் அது.

தெய்வானைக்கு முகம் சிவந்துவிட்டது. “தனியாக் கெடக்கறவங்களைத் தூக்கி வெளிய போட்டுட்டு, ஆரும் தனியா இல்லைன்னு எழுதுவீங்களாக்கும்? அப்பறம் நான் எதுக்குங்க அத்தன மாடி ஏறுனேன்?”

“நான் வேணும்னேவா செஞ்சேன்?” என்றான் அவன்.

“சத்தம் போடாதீங்க ரெண்டு பேரும். இப்ப நான் என்ன செய்யுதேன்னு பாருங்க” என்று நானும் கத்தினேன். கோபம் வந்தால் எனக்கு ஊர்ப்பேச்சு வந்துவிடும். என்ன செய்வதென்று எனக்கே தெரியவில்லை. அனுப்பிய சுருக்கம் என் பெயரில் போயிருக்கிறது. அந்த முதல் வரி என்னுடையது. அவனை விட எனக்குத்தான் அது பிடித்திருந்தது.

தெய்வானை பையை எடுத்துக்கொண்டு ஊருக்குக் கிளம்பிவிட்டாள். திரும்பி வரமாட்டேன் என்று சமூகவியலின் இன்னொரு பெண்ணிடம் சொன்னாளாம். மூன்று பேர் என்றால் மையம் இல்லை.

நவம்பர் 15

சுருக்கத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்வதாகக் கருத்தரங்குக்கு எழுதிவிட்டேன். காரணம் என்ற இடத்தில் ‘தவறான முடிவு’ என்று எழுதினேன்.

நவம்பர் 23

காய்ச்சல். எழுந்து தண்ணீர் எடுக்கப் போனவள் அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டு அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். டைல்ஸ் குளிர்ச்சியாக நன்றாக இருந்தது. போன் கட்டில்மேல் இருந்தது. கையில் இருந்திருந்தாலும் ஒன்றுதான். பெரிதாக ஒன்றும் இல்லை, வைரல் காய்ச்சல், ஊரெல்லாம் இருக்கிறது.

நவம்பர் 26

ரசம் சாதம் இறங்குகிறது. மூன்று நாள் அறை பூட்டிக் கிடந்ததை யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை. கதவில் ஒரு துண்டுத் தாள் செருகியிருந்தது. ஆவலாக எடுத்தேன். ‘ஜெராக்ஸ் எப்போது திறக்கும்?’

டிசம்பர் 2

தெய்வானைக்குப் போன் செய்தேன். அவள் அம்மா எடுத்தார். “புள்ள தோட்டத்துல இருக்குதுங்க” என்று சொல்லி, வெகு நேரம் கழித்து அவள் வந்தாள். சமாதானம் சொல்லத் தெரியாது எனக்கு. விஷயத்தை மட்டும் சொன்னேன். சுருக்கத்தைத் திரும்பப் பெற்றுவிட்டேன். இனி மையத்தில் ஒரு விதி: எந்த ஆளைக் கணக்கிலிருந்து நீக்குவதானாலும் நீக்குகிறவர் முதலில் அந்த ஆளின் வாசலில் போய் நிற்க வேண்டும். கதவைத் தட்டி, முகத்தைப் பார்த்து, மறுபடி கேட்டுவிட்டு வர வேண்டும். நாற்பத்தொரு பேரையும் நவ்ஷாத்தே போய்ப் பார்க்கப்போகிறான். அவனுக்குப் பேச வராது. கூட யாராவது வந்தால் நல்லது.

அந்தப் பக்கம் பேச்சே இல்லை. நானும் பேசாமல் இருந்தேன். அவள் சொல்லிக்கொடுத்த பாடம்தான்.

“திங்கக்கெழம வர்றனுங்க” என்றாள்.

டிசம்பர் 11

மாராத்தாள் வீடு பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டில் கேட்டால், எப்போதிலிருந்து என்று தெரியவில்லை. கீழே தண்ணீர் மோட்டார் போடுகிறவர்தான் சொன்னார்: குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து இரண்டு நாள் அப்படியே கிடந்திருக்கிறார். குழாயைத் திறந்தபடி விழுந்ததால் தண்ணீர் படியில் வழிந்து வந்து, திட்டுவதற்காக மேலே ஏறிப்போனவர் பார்த்திருக்கிறார். இப்போது அரசு ஆஸ்பத்திரியில்.

இரண்டு பேரும் அங்கிருந்தே ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டு இருட்டும் நேரத்தில் என் அறைக்கு வந்தார்கள். நவ்ஷாத் பையை இறக்கவே இல்லை.

“அவங்க சொன்னபடியேதாங்க நடந்துருக்கு. அப்புடியே கெடந்துருக்காங்க. நம்மகிட்ட முன்னாடியே சொல்லியிருக்காங்க மேடம். நான் அதை வெத்து எடம்னு நெனச்சேன்.”

அவன் அழுதுவிடுவானோ என்று பயந்தேன். தெய்வானை அவனுக்குத் தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். பிறகு அவன் உட்கார்ந்து புரோகிராமைத் திருத்தி எழுதினான். முதலில் எல்லா ஆட்களையும் புள்ளியாக வைக்க வேண்டும், பிறகுதான் கோடு. இரண்டு வரி மாற்றம். படம் மாறியது. வலைக்கு வெளியே, ஓரமாக, வரிசையாக நாற்பத்தொரு புள்ளிகள். யாரும் ஜிலேபி கேட்கவில்லை.

ஜனவரி 6

கிட்டத்தட்ட எல்லா வாசலுக்கும் போய் வந்துவிட்டார்கள். ஒரே ஒரு பதிவு பாக்கி. அதற்கு வீட்டு எண் இல்லை. செயலி ஒவ்வொரு படிவத்தோடும் நிரப்பிய இடத்தையும் சேர்த்துப் பதிகிறது, எனக்கு அது நினைவில் இல்லை. நவ்ஷாத் வரைபடத்தைப் பெரிதாக்கினான்.

“இது குடியிருப்புலயே இல்லீங்க மேடம். நம்ம வளாகத்துல, குவார்ட்டர்ஸ் பக்கம் காட்டுது. பொம்பள, அம்பத்து நாலு வயசு, தனியா இருக்காங்க. செயலி தப்பா இருக்கும். எடுத்துடட்டுங்களா?”

எடுத்துவிடு என்று சொல்ல வாயைத் திறந்தேன். சொல்லியிருக்கலாம், சோதனைப் பதிவு, என்னுடையதுதான் என்று. சிரித்துக்கொண்டே சொல்லக்கூடிய விஷயம். சொல்லவில்லை. தெய்வானை வரைபடத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

“விதி இருக்குதுல்லங்க. வாசல்ல போய் நின்னுட்டுத்தான் எடுக்கோணும்” என்றாள்.

ஜனவரி 11, ஞாயிறு

சாயங்காலம் மணி அடித்தது. வாசலில் இரண்டு பேரும் கழுத்தில் அடையாள அட்டையோடு நிற்கிறார்கள். பக்கத்துத் தோட்டத்துக்குத் தண்ணீர் விடுகிறவர் எட்டிப் பார்த்தார்.

“உள்ளே வாங்க” என்றேன். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார்கள். சோபாவில் துவைத்த துணி கிடந்தது, அவசரமாக அள்ளினேன். தெய்வானை களத்தில் பேசுகிற குரலிலேயே ஆரம்பித்தாள். இந்த ஆய்வில் கலந்துகொள்வது உங்கள் விருப்பம், வேண்டாம் என்றால் எந்தக் கேள்வியிலும் நிறுத்திக்கொள்ளலாம். அந்த வாசகம் நான் எழுதியது. வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். கேளுங்கள் என்றேன்.

“கடைசியா உங்க வீட்டுக்கு ஆருங்க வந்தாங்க?”

“சிலிண்டர் போடுகிறவர்.”

“அவருக்கு முன்னாடிங்க?”

யோசித்தேன். ஏப்ரலில் ஜெயசீலன் திட்ட நகலைக் கொடுக்க வந்தார். அவர் மனைவி கொடுத்தனுப்பிய மாவடு ஊறுகாய் இன்னும் ஜாடியில் இருக்கிறது.

“ராத்திரியில திடீர்னு ஒடம்பு முடியலன்னா ஆரைக் கூப்புடுவீங்க?”

“ஜெயசீலன்” என்றேன். சட்டென்று வந்துவிட்டது. ஆகஸ்டில் அழித்த பெயர்.

“அவங்ககூடக் கடைசியா எப்பங்க பேசுனீங்க?”

“தீபாவளிக்கு மெசேஜ்…”

“பேசுனதுங்க.”

“மே மாதம்.”

தெய்வானை எழுதவில்லை. மூன்று மாதம் என்ற விதியைச் சொல்லவும் இல்லை. டேப்லட்டைப் பார்க்காமல் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தாள். எவ்வளவு நேரமென்று தெரியாது. நான் சொல்லிக்கொடுத்து எத்தனையோ பேர் பேட்டி எடுத்திருக்கிறார்கள், எதிர்ப்பக்கம் உட்கார்ந்தது இதுதான் முதல் தடவை. அந்தக் காத்திருப்பு இவ்வளவு கனக்கும் என்று எந்த வகுப்பிலும் நான் சொல்லவில்லை.

“யாரும் இல்லை” என்றேன்.

நவ்ஷாத்தால் பொறுக்க முடியவில்லை. “எங்களைக் கூப்புடுங்க மேடம். ரெண்டு கிலோமீட்டர்தாங்க. வண்டியில வந்துருவேன்.”

“கேக்கறவங்க பேரை எழுதக்கூடாதுங்க” என்றாள் தெய்வானை அவனிடம், மெதுவாக. பிறகு குனிந்து, நான் சொன்னதை அப்படியே எழுதினாள்.

காபி போட்டுக்கொடுத்தேன். குடித்துவிட்டு டம்ளரைக் கழுவி வைத்துவிட்டுப் போனார்கள். கதவைச் சாத்திவிட்டு அழுதேன். எதற்கு மறைக்க வேண்டும், இந்த நோட்டை யார் படிக்கப்போகிறார்கள். அடக்கமாட்டாமல் அழுதேன். எனக்கு அவர் இல்லாதது பெரிய குறை. டீ நேரத்துச் சண்டைக்கு ஆள் இல்லாதது குறை. போன மே மாதத்திலிருந்து நான் யாரோடும் பேசவில்லை, வேலையைத்தான் பேசியிருக்கிறேன்.

பிப்ரவரி 18

மாராத்தாளைக் குடியிருப்பில் தரைத்தள வீட்டுக்கு மாற்றச் சொல்லி வீட்டு வசதி வாரியத்துக்கு மனுக் கொடுத்தோம். பரிசீலிப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். தெய்வானை ஆஸ்பத்திரிக்கு வாரம் இருமுறை போகிறாள். இப்போது அவள் புரோகிராம் எழுதுகிறாள், பிழையோடுதான். நவ்ஷாத் டீக்கடைக்காரரிடம் அவர் மகள் கல்யாணம் பற்றி விசாரித்துக்கொண்டிருந்ததை என் கண்ணால் பார்த்தேன்.

இணை வழிகாட்டி இன்னும் கிடைக்கவில்லை.

மார்ச் 6

மறுஆய்வு முடிந்தது.

நீள மேசை, ஐந்து பேர். குழந்தைவேலுவும் அவர்களில் ஒருவர். நவ்ஷாத்தும் தெய்வானையும் சேர்ந்து படத்தை விளக்கினார்கள், எது யார் பேசவேண்டிய பகுதி என்று எனக்கே குழம்பிவிட்டது. விழுந்துபோன நாற்பத்தொரு பேரை மறைக்காமல் சொன்னார்கள். எப்படி விழுந்தார்கள், எப்படித் திரும்ப வந்தார்கள் என்று.

வெளியூரிலிருந்து வந்த உறுப்பினர், “இந்த ஓரத்துப் புள்ளிகளை எடுத்துட்டா படம் இன்னும் சுத்தமா இருக்குமே?” என்றார்.

“இருக்குமுங்க. ஆனா அவங்க இருக்காங்களேங்க” என்றாள் தெய்வானை.

குழந்தைவேலு வரைபடத்தைக் காட்டச் சொன்னார். கணினிக்காரர் அல்லவா, கண் நேராக அங்கே போய்விட்டது. “இதென்னங்க ஒரு புள்ளி மட்டும் தள்ளி விழுந்திருக்குது? நம்ம வளாகம் மாதிரி இருக்குது. இது பிழைதானுங்களே?”

நவ்ஷாத் தெய்வானையைப் பார்த்தான். தெய்வானை தரையைப் பார்த்தாள். பதில் சொன்னவர் பெயரை வெளியில் சொல்லக்கூடாது என்பது எங்கள் முதல் பாடம். இரண்டு பிள்ளைகளும் வாயைத் திறக்கமாட்டார்கள். ‘சோதனைப் பதிவு’ என்று நான் ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

“பிழை இல்லை சார். அது நான்” என்றேன்.

குழந்தைவேலு படத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

“எங்க வீட்டுக்கு மூணு வீடு தள்ளிங்களே மேடம்” என்றார் கடைசியில்.

“ஆமாம் சார்.”

அவர் வேறொன்றும் கேட்கவில்லை. முடிவைத் தெரிவிப்பதாகச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். குடியிருப்பிலேயே இல்லாத, ஆய்வில் சேரத் தகுதியில்லாத என்னை எப்படிச் சேர்த்தீர்கள் என்று அந்த வெளியூர்க்காரர் கேட்டிருந்தால் மாட்டியிருப்பேன். நல்லவேளை, யாருக்கும் தோன்றவில்லை.

மார்ச் 9

காலையில் கதவருகே நிழல் ஆடியது. நான் நிமிராமலேயே, “ஜெராக்ஸ் இங்க இல்லைங்க” என்றேன்.

“ஜெராக்ஸுக்கு வரலீங்க மேடம்.”

குழந்தைவேலு. உள்ளே வந்து சுற்றும் முற்றும் பார்த்தார். ‘கேட்காதீர்’ என்ற தாளைப் படித்தார். பிறகு, யாரையும் கேட்காமல், ஜெயசீலனுக்கென்று வாங்கிய நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். பிளாஸ்டிக் உறை சரசரத்தது.

“அந்த ஆளுங்க எந்த எடத்துல விழுந்தாங்கன்னு புரோகிராமைக் காட்டுங்க. எங்க துறையிலயும் காலங்காலமா இப்புடித்தானுங்க சொல்லிக்குடுக்கறோம். நானே அப்புடித்தான் சொல்லிக்குடுத்திருக்கேன்.”

காட்டினேன். ஒரு மணி நேரம் இருந்தார். நாங்கள் செய்த திருத்தம் போதாது, பெரிய தகவலில் அது வேலைக்கு ஆகாது என்றார். ஏன் ஆகாது என்று நான் கேட்டேன். அவர் குரலை உயர்த்தினார், நானும் உயர்த்தினேன். நவ்ஷாத் வாசலில் எட்டிப் பார்த்துவிட்டுப் பூனை மாதிரி திரும்பிப் போனான். கிளம்பும்போது இணை வழிகாட்டி படிவத்தை எடுத்துக் கையெழுத்திட்டார். மையம் இன்னொரு வருஷம் இருக்கும்.

“சாயங்காலம் வூட்டுப் பக்கம் வாங்க. மீதிச் சண்டையை அங்க வெச்சுக்கலாம்” என்றார். மரியாதைக்குச் சொன்னாரா நிஜமாகவே கூப்பிட்டாரா, தெரியவில்லை. இந்த ஊரில் அது தெரியவே தெரியாது.

சாயங்காலம் தெருவில் இறங்கி மூன்று வீடு நடந்தேன். விளக்கு எரிந்தது. கேட்டில் கை வைத்துவிட்டு, தயங்கி, பிறகு மணியை அடித்தேன்.

அடுத்த சுற்றுக் கணக்கெடுப்பு ஆகஸ்டில். அதுவரை படத்தில் என் புள்ளி இப்போது இருக்கிறபடியேதான் இருக்கும். மாற்றக்கூடாது, அதுதான் விதி.